மலையகக் குடும்பத்தின் பிரஜாவுரிமைக் கோப்பை அடுக்குவது எப்படி

வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றை எடுத்து மேசையில் விரித்து வையுங்கள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, இடம். தந்தையின் பெயர், பிறந்த இடம், இனம், தொழில். தாயின் பெயர், பிறந்த இடம், இனம். அதற்கும் கீழே போனால் இரண்டு கூடுகள், அதாவது நிரப்பும் கட்டங்கள், வரும். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரென்றால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் ஒன்றில். தந்தை இலங்கையில் பிறக்காமல் பூட்டனார் (பாட்டனாரின் தந்தை) இங்கே பிறந்திருந்தால் அவருடைய விவரம் மற்றதில். தோட்டத்துப் பழைய சான்றிதழ்கள் பலவற்றில் இந்த இரண்டும் வெறும் கோடாகவோ அரைகுறையாகவோ கிடக்கும்.

ஒரு குழந்தை பிறந்ததைப் பதிய, பூட்டனார் எங்கே பிறந்தார் என்று ஏன் கேட்க வேண்டும்? பதில் 1948 இல் இருக்கிறது. அந்த ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனார், பூட்டனார் இருவருமே இங்கே பிறந்திருக்க வேண்டும். தான் இங்கே பிறந்தது மட்டும் போதாது. அந்த நிபந்தனையில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் பூட்டனாரின் பிறப்பை எழுத்தில் காட்டு என்று கேட்டால், அதைக் காட்ட முடியாதவர்கள் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்ந்த இந்திய வம்சாவளி மலையக மக்கள்தான். அடுத்த ஆண்டே தேர்தல் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையும் போனது.

சட்டத்தில் அந்தக் கதவு 2003 இல் முழுதாகத் திறந்துவிட்டது. இன்று ஒருவரை அலைய வைப்பது சட்டம் அல்ல, தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் தாள்களுக்கு நடுவில் விழுந்த இடைவெளி. அந்த இடைவெளியை அடைத்து ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளும் வேலையை எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்பதை இங்கே சொல்கிறோம்.

எந்தச் சட்டத்தின் கீழ் வந்தீர்கள்?

முதல் வேலை இதுதான். மலையகக் குடும்பங்கள் எல்லாம் ஒரே வழியால் பிரஜைகளானவர்கள் அல்ல. வழி மாறினால் கேட்க வேண்டிய தாளும் மாறும்.

1949 இன் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் சிலர் பதிவு பெற்றார்கள். 1946 ஜனவரி 1 க்கு முன், திருமணமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. விண்ணப்பித்தவர்களில் மிகச் சிலருக்கே கிடைத்தது. அப்படி ஒரு பதிவுச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் அது தங்கம். அதில் பிள்ளைகளின் பெயர்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவுக்குப் பிறகு பிறந்த பிள்ளை தந்தை வழியாகவே பிரஜை.

அடுத்தது ஒப்பந்த வழி. 1964 ஒக்டோபர் 30 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மிச்சம் 150,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இலங்கைப் பங்கில் வந்தவர்கள் 1967 இன் 14 ஆம் இலக்க அமுலாக்கச் சட்டத்தின் கீழ் பதிவானார்கள். அவர்களுக்கும் சான்றிதழ் உண்டு.

மூன்றாவது, 1986 இன் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1988 இன் 39 ஆம் இலக்கச் சட்டமும். இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காமல் நாடற்றவர்களாக நின்றுபோனவர்களுக்கானவை.

நான்காவதும் கடைசியானதும் 2003 இன் 35 ஆம் இலக்க, இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம். நாடாளுமன்றத்தில் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அந்த டிசம்பரில் பத்து நாள் நடந்த பதிவு முகாம்களில் மட்டும் ஏறக்குறைய 190,000 பேர் பயன்பெற்றார்கள். மேலே சொன்ன மூன்று வழிகளிலும் தாள் கிடைக்கவில்லையென்றால் இந்த வழியில் கோப்பை அடுக்குங்கள். காரணம், இது கேட்பது ஒரே ஒரு திகதியைத்தான்: 1964 ஒக்டோபர் 30. அன்றிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரா நீங்கள், அல்லது அப்படி வசித்தவரின் வழித்தோன்றலாக இலங்கையில் வசிப்பவரா? இரண்டில் ஒன்று ஆம் என்றால், சட்டம் நடைமுறைக்கு வந்த 2003 நவம்பரிலிருந்து நீங்கள் பிரஜை. சமாதான நீதவானின் மேலொப்பத்தோடு எழுதிய பொதுப் பிரகடனம் அதைக் காட்டும் சான்று. அந்தத் தாள் இருந்தால் மூலத்தைப் பத்திரப்படுத்தி, உண்மைப் பிரதிகளை மட்டும் வெளியே கொடுங்கள்.

சங்கிலியை ஒரு தாளில் வரையுங்கள்

2006 இல் தோட்டத்தில் பிறந்த ஒரு பெண்பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அவள் பிறந்தபோது பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருந்தாலே போதும், அவள் பிரஜை. (1948 இன் சட்டத்தில் "தந்தை" என்று இருந்த இடம் 2003 இன் 16 ஆம் இலக்கத் திருத்தத்தால் பெற்றோரில் எவரும் என்று மாறியது.) அவளுடைய அப்பா 1979 இல் அதே தோட்டத்தில் பிறந்தவர். அப்போது அவருடைய பெற்றோர் நாடற்றவர்கள். 2003 இன் சட்டப்படி அவர் பிரஜையாவது, 1964 இல் இங்கே இருந்த ஒருவரின் மகன் என்பதால். ஆக கோப்புக்கு வேண்டியவை நான்கே கண்ணிகள்: மகளின் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் பெற்றோர் யார் என்பதற்கான தாள், அவர்களில் ஒருவர் 1964 இல் இலங்கையில் வசித்ததற்கான தாள்.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1948 இன் சட்டம் தந்தைவழியை மட்டுமே பார்த்தது. அந்தப் பழக்கத்தில் இன்னமும் எல்லோரும் தாத்தாவின் தாளையே தேடி மாய்கிறார்கள். 2003 இன் சட்டம் சொல்வது வழித்தோன்றல் என்ற ஒரே சொல்தான். ஆண் வழி, பெண் வழி என்ற பேதம் அதில் இல்லை. கொழுந்து பறித்த பாட்டியின் பெயர் செக்ரோலில் (தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில்) இருக்கும், ஊழியர் சேமலாப நிதியில் இருக்கும். தாத்தா வேலை மாறி வேறு தோட்டம் போயிருந்தாலும் பாட்டியின் பதிவு ஒரே தோட்டத்தில் முப்பது வருடம் தொடர்ந்து கிடப்பதுண்டு. அம்மாவின் அம்மாவாக இருந்தாலும் அந்தச் சங்கிலி செல்லும். ஆகவே நான்கு பாட்டன் பாட்டிகளையும் வரைந்து, யாருடைய தாள் கனமோ அவர் வழியாகக் கோப்பை அடுக்குங்கள். நான்கு வழியையும் ஒரே கோப்பில் திணிக்க வேண்டாம். தாள் கூடக்கூட முரண்பாடும் கூடும்.

1964 க்கான தாளை எங்கே தேடுவது

வாக்காளர் பட்டியலில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வாக்குரிமை பறிபோயிருந்த காலம் அது. 1964 பட்டியலில் பெயர் இல்லாதது, இங்கே வசிக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஒரு அலுவலர் அப்படிக் கேட்டால் இந்த வரலாற்றை அமைதியாகச் சொல்லுங்கள்.

கனமான தாள் என்றால் ஊழியர் சேமலாப நிதிப் பதிவு. அந்த நிதி 1958 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 1964 க்கு முன்பே அங்கத்துவ இலக்கம் பெற்ற தோட்டத் தொழிலாளர் உண்டு. பெயர், தோட்டம், காலம் மூன்றும் அரசுப் பதிவில் சேர்ந்திருப்பது இதன் பலம். அதற்கு அடுத்தபடி, 1964 ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு. பாட்டியின் பிள்ளை ஒன்று 1962 இலும் இன்னொன்று 1966 இலும் இலங்கையில் பிறந்ததாகப் பதிவிருந்தால், அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் இங்கேதான் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பெரியப்பா, அத்தைமாரின் பிறப்புச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு தோட்டத்துச் செக்ரோல், தோட்டப் பாடசாலையின் சேர்வுப் பதிவேடு, கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடு, பழைய அரிசிக் கூப்பன் புத்தகம், தொழிற்சங்கச் சந்தா அட்டை. இவை தனியாக நின்றால் பலம் குறைவு, இரண்டு மூன்று சேர்ந்தால் போதும்.

தோட்ட அலுவலகத்தில் "பழைய புத்தகம் ஒன்றும் இல்லை" என்ற பதில் வரலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசிடம் போயின. ஜனவசம என்ற அரச தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் புத்தகங்கள் தொலைந்தன. அதனால் கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். தோட்டத்தை நாம் கூப்பிடும் தமிழ்ப் பெயரும் பதிவிலுள்ள பெயரும் வேறாக இருக்கும். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, புதுக்காடு என்று டிவிஷனுக்கும் தனிப் பெயர். பதிவுப் பெயர், டிவிஷன், பாட்டியின் பெயர், அவருடைய தகப்பன் அல்லது கணவன் பெயர், எந்த ஆண்டுகள் என்று கடிதத்தில் எழுதிக் கொடுங்கள். "இல்லை" என்றால் அந்த இல்லையையும் எழுத்தில் வாங்குங்கள். அது பின்னால் சத்தியக் கடதாசிக்குத் துணை நிற்கும். பதிவேடு அரச பாடசாலையிலோ திணைக்களத்திலோ இருந்தால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

1977, 1981, 1983 வன்முறைகளில் வீடும் பெட்டியும் எரிந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கு இந்தத் தேடல் இன்னும் கடினம். அவர்கள் இப்போது வசிக்கும் மாவட்டத்தின் பதிவில் அல்ல, பிறப்புப் பதிவான பழைய மாவட்டத்தின் பதிவில்தான் தேட வேண்டும். வீட்டிலிருந்த பிரதிதான் எரிந்தது, பதிவேடு அங்கே இருக்கும்.

இனக் கூட்டில் என்ன எழுதியிருக்கிறது

இங்கேதான் அச்சம் அதிகம். அப்பாவின் சான்றிதழில் "இந்தியத் தமிழர்" என்றிருக்கிறது, மகளுடையதில் தந்தையின் இனம் "இலங்கைத் தமிழர்" என்றிருக்கிறது, பிரஜாவுரிமை போய்விடுமா என்று கேட்பவர்கள் பலர்.

போகாது. இனம் வேறு, பிரஜாவுரிமை வேறு. பிறப்புச் சான்றிதழில் இருப்பது தந்தையின் இனமும் தாயின் இனமும். பிள்ளையின் இனம் என்று தனிக் கூடு இல்லை. தேசிய அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் இனம் அச்சிடப்படுவதே இல்லை. "இந்தியத் தமிழர்" என்ற சொல் 1911 குடிசனக் கணக்கெடுப்பில் தனிப் பிரிவாக வந்தது. கணக்கெடுப்புக்காக வகுத்த பெயர் அது, எந்த நாட்டின் பிரஜை என்று சொல்லும் பெயர் அல்ல. "இந்திய" என்ற சொல்லைக் கண்டு இவர் இந்தியப் பிரஜை என்று யாராவது நினைத்தால் அது பிழையான வாசிப்பு. "மலையகத் தமிழர்" என்று எழுதப்பட வேண்டும் என்பது நியாயமான, சுயமரியாதையான கோரிக்கை. ஆனால் பிரஜாவுரிமைக் கோப்பு அந்தக் கோரிக்கை வெல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆகவே எங்கள் அறிவுரை: இனக் கூட்டில் முரண் இருக்கிறது என்பதற்காக மட்டும் திருத்த விண்ணப்பம் போடாதீர்கள். திருத்தம் என்பது பிழையான தகவலைச் சரிசெய்ய இருப்பது. சான்று கேட்பார்கள், மாதக்கணக்கில் இழுக்கும், அதுவரை சான்றிதழைப் பயன்படுத்துவதும் சிரமம். 1983 க்குப் பிறகு பயத்தால் "இலங்கைத் தமிழர்" என்று சொல்லிப் பதிந்த பெற்றோர் இருக்கிறார்கள். அதற்காக யாரும் கூனிக்குறுகத் தேவையில்லை. 2003 இன் சட்டத்தில் கோரும்போது மட்டும் ஒரு கேள்வி வரலாம்: இலங்கைத் தமிழர் என்று எழுதியிருப்பவர் எப்படி இந்திய வம்சாவளியினர்? பதில் இனக் கூட்டில் இல்லை. தோட்டத் தொழில் பதிவு, பாட்டன் பாட்டியின் தாள்கள், இவைதான் வம்சாவளியைக் காட்டும். இனக் கூடு ஒருவர் வாயால் சொல்லி இன்னொருவர் எழுதியது மட்டுமே.

பாட்டனார், பூட்டனார் கூடுகளைப் பற்றியும் ஒன்று. அவர் இந்தியாவில் பிறந்தவரென்றால் கூடு வெறுமையாக இருப்பதுதான் சரி. இலங்கையில் பிறந்தார் என்று இட்டுக்கட்டி நிரப்ப வேண்டாம். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். அதோடு 1964 தாள் உண்மையைச் சொல்லும்போது முழுக் கோப்பும் சந்தேகத்துக்கு ஆளாகும். அவர் உண்மையிலேயே இங்கே பிறந்தவரென்றால், புதுக் குழந்தையைப் பதியும்போது பெயர், ஆண்டு, தோட்டம் மூன்றையும் கட்டாயம் நிரப்பச் சொல்லுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு கண்ணி ஆயத்தமாகக் கிடைக்கும்.

பெயர்தான் பெரும்பாலும் அறுகிறது

ஒரு பெயரைப் பாருங்கள்: கிருஷ்ணசாமி. தோட்டச் செக்ரோலில் கிட்ணசாமி. பிறப்புப் பதிவில் கிருஸ்ணசாமி. பாடசாலையில் கிறிஸ்ணசாமி. அடையாள அட்டையில் ஒரு காலம்வரை சிங்களத்தில் மட்டுமே பெயர் வந்தது. அதைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதியவர் கிரிஸ்னசாமி என்றார். ஆங்கிலத்துக்குப் போனால் இன்னும் மோசம். கந்தசாமியின் "ந்த" வுக்கு ஒருவர் D போடுவார், இன்னொருவர் TH போடுவார். கணினியில் இரண்டும் இரண்டு ஆட்கள்.

எழுத்து மட்டுமல்ல, அமைப்பும் மாறும். தகப்பன் பெயர் ஒரு தாளில் முன்னெழுத்து, இன்னொன்றில் முழுப் பெயர், மற்றொன்றில் கடைசிப் பெயர். பெண்கள் பெயர் திருமணத்துக்கு முன் தகப்பனோடும் பின் கணவனோடும் நிற்கும். பாட்டியின் சேமலாப நிதிப் பதிவில் வீட்டுப் பெயரே பதிவாகியிருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் ஒவ்வொரு ஆவணமும், மேலே ஒவ்வொரு ஆளின் பெயரும் எழுதி, அந்தந்த ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். பிறந்த திகதிக்கும் இடத்துக்கும் இதே மாதிரி. அரை மணி நேர வேலை. சங்கிலி எங்கே அறுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு பிழைகளை மூன்றாகப் பிரியுங்கள். உச்சரிப்பு ஒன்றாகவே இருந்து எழுத்து மட்டும் மாறியிருந்தால், "இரு பெயராலும் குறிக்கப்படுபவர் ஒருவரே" என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி போட்டால் பெரும்பாலும் போதும். வேறு பெயரே இருந்தால், வீட்டுப் பெயர் போல, சத்தியக் கடதாசியோடு இரண்டு பெயரும் சேர்ந்து வரும் ஒரு பழைய தாளாவது தேவை. பெற்றோர் பெயரே தவறாகவோ இல்லாமலோ இருந்தால் பதிவுத் திருத்தம் கட்டாயம். அதைப் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் கேட்க வேண்டும்.

திருத்தும் வரிசை முக்கியம். எல்லோரும் பிள்ளையின் சான்றிதழை முதலில் திருத்த ஓடுவார்கள், அதுதான் அவசரமாகத் தேவைப்படும் தாள் என்பதால். அப்பாவின் சான்றிதழிலிருக்கும் பிழைக்குப் பொருந்தும்படி பிள்ளையுடையதைத் திருத்திவிட்டால், பிறகு அப்பாவுடையதைத் திருத்தும்போது பிள்ளையுடையது மறுபடி முரண்படும். மேலேயிருந்து கீழே வாருங்கள். இறந்தவரின் தாளைத் திருத்த முயல்வதைவிட அதை அப்படியே விட்டு, உயிரோடிருப்பவரின் சத்தியக் கடதாசியால் இணைப்பது சுலபம். அதிகத் தாள்களில் எந்த எழுத்து வருகிறதோ அதையே குடும்பத்தின் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள், அழகான எழுத்தைத் தேடாதீர்கள்.

பிறப்பே பதியப்படவில்லையென்றால்

இலங்கையில் பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் கட்டணமில்லாமல் பதியலாம். மூன்று மாதம் தாண்டிவிட்டால் காலங்கடந்த பதிவு. அதை மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரகடனம் கொடுத்துக் கோர வேண்டும். முதலில் பதிவேட்டில் தேடி, பதிவில்லை என்ற தேடல் முடிவைப் பெறுங்கள். தேடும்போது பிறந்த ஆண்டை மட்டும் கொடுக்காமல் முன்னும் பின்னும் ஓரிரு ஆண்டு சேர்த்துக் கேளுங்கள். தோட்டத்தில் சொன்ன வயதும் உண்மை வயதும் ஒன்றாக இருப்பது அரிது. பெயரில்லாமல் பதியப்பட்ட பிள்ளைகளும் உண்டு. தாயின் பெயரை வைத்துப் பார்க்கச் சொன்னால் கிடைக்கும்.

தேடல் முடிவோடு பெற்றோரின் திருமணச் சான்றிதழ், கூடப்பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழ்கள், பாடசாலைச் சேர்வுப் பதிவு, கிளினிக் அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதி எல்லாம் சேர்க்க வேண்டும். பெற்றோர் கோயிலில் தாலி கட்டி, பதிவுத் திருமணம் செய்யாதவர்கள் என்றால், தந்தையின் பெயரைச் சேர்க்கத் தாயும் தந்தையும் கூட்டாகக் கேட்டு, இருவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மட்டும் போனால் தந்தை கூடு வெறுமையாகிவிடும், தந்தைவழிச் சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

பதிவே முடியாத நிலையில் உத்தேச வயதுச் சான்றிதழ் தருவார்கள். அடையாள அட்டை பெற அது உதவும். ஆனால் அது வயதைச் சொல்லும் தாள். பெற்றோர் யார் என்பதை நிலைநாட்ட அதை நம்ப முடியாது. முடிந்த அளவு காலங்கடந்த பதிவுக்கே போராடுங்கள்.

பிள்ளைக்கு 15 வயதானதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலையில் இருந்தால் அதிபரும், தோட்டத்தில் வசித்தால் தோட்ட அத்தியட்சகரும், மற்றவர்களுக்குக் கிராம உத்தியோகத்தரும் உறுதிப்படுத்துவார்கள். பாடசாலையில் இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. படிப்பை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனபின், உறுதிப்படுத்த ஆள் தேடுவதே பெரும்பாடு.

பெட்டியில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால்

ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு, கடவுச்சீட்டும் பெற்று, போகாமலே இருந்துவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில். தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் 1984 இல் நின்றுபோனது. கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடி மலைக்கு ஏறினார்கள். அந்தக் கடவுச்சீட்டை மறைக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். 2003 இன் சட்டம் இவர்களை நினைத்தே ஒரு வழி வைத்திருக்கிறது. இலங்கைப் பிரஜாவுரிமையைத் தம் விருப்பத்தோடு பெற எண்ணுவதாகப் பிரகடனம் செய்து குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். இவர்களுக்குச் சமாதான நீதவானின் பொதுப் பிரகடனம் மட்டும் போதாது. தாத்தா இதைச் செய்யாமலே இறந்திருந்தாலும் பேரப்பிள்ளையின் உரிமை அதோடு முடிவதில்லை. 1964 முதல் இங்கே வசித்த இன்னொரு பாட்டன் அல்லது பாட்டி வழியாகக் கோப்பைத் திருப்புங்கள். அண்ணனோ சித்தப்பாவோ இந்தியா போய் இந்தியரானதும் இங்கே தங்கியவரைப் பாதிக்காது.

தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்தவர்கள்

போரால் இந்தியா போன மலையக வம்சாவளியினரின் வதிவு அறுந்துவிட்டது என்ற சிக்கலுக்கு 2009 இன் 6 ஆம் இலக்கத் திருத்தம் வழி செய்தது. பெற்றோர் இலங்கைப் பிரஜைகளாக இருந்து, பிள்ளை தமிழ்நாட்டில் பிறந்திருந்தால், 1948 இன் சட்டத்தின் 5 (2) ஆம் பிரிவுப்படி பிறப்பைத் தூதரகத்தில் பதிய வேண்டும். சட்டம் சொல்லும் காலம் ஓராண்டு. தகுந்த காரணம் காட்டினால் அதற்குப் பிறகும் அமைச்சரின் அனுமதியோடு பதியலாம். முகாமில் இருந்தோம், பயணிக்க வழியில்லை என்பது தகுந்த காரணம்தான். முகாம் பதிவுத் தாளை இணையுங்கள். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் இதைச் செய்யலாம். திரும்பி வந்துவிட்டவர்கள் பத்தரமுல்லையில் திணைக்களத்தில் செய்யலாம்.

தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லாக இருக்கும். பெற்றோரின் இலங்கைச் சான்றிதழில் தகப்பன் பெயரோடு சேர்ந்து நிற்கும். மேலே சொன்ன கட்டத்தை இவர்கள் கட்டாயம் போட வேண்டும். பயணத்துக்கு முன்பே சான்றிதழைத் தமிழ்நாட்டில் திருத்திக்கொள்வது, கடல் தாண்டி வந்தபின் திருத்துவதைவிடப் பத்து மடங்கு எளிது.

ஒரு நுணுக்கம்: 1987 ஜூலை 1 க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியச் சட்டப்படி பிறப்பால் இந்தியப் பிரஜை. 1984 இலும் 1985 இலும் முகாம்களில் பிறந்தவர்கள் இதில் அடங்குவார்கள். அவர்கள் இலங்கையில் பதியும் முன், எந்த நாட்டில் வாழப் போகிறோம் என்று முடிவு செய்து, இரு நாட்டுச் சட்டமும் தெரிந்த சட்டத்தரணியிடம் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். ஒன்றைப் பெறப்போய் மற்றதை இழப்பது பிறகு சரிசெய்யக் கடினம்.

கவுண்டரில் "பிரஜாவுரிமைச் சான்றிதழ் கொண்டு வா" என்றால்

வம்சாவழிப் பிரஜையிடம் அப்படி ஒரு சான்றிதழ் இருக்காது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பிள்ளையிடமும் இருக்காது. அந்தப் பிள்ளையிடம் கேட்காததை உங்கள் பிள்ளையிடம் பெயரைப் பார்த்தோ இனக் கூட்டைப் பார்த்தோ கேட்டால், அரசியலமைப்பின் 12 (2) ஆம் உறுப்புரை இனத்தாலும் பிறப்பிடத்தாலும் பாகுபாடு கூடாது என்கிறது. 26 ஆம் உறுப்புரை இன்னும் தெளிவு: வம்சாவழியாக வந்தவரும் பதிவால் வந்தவரும் எல்லாத் தேவைக்கும் "இலங்கைப் பிரஜை" என்று மட்டுமே குறிக்கப்பட வேண்டும், எந்த வழியால் பிரஜையானார் என்று பார்த்து வேறுபாடு காட்டக் கூடாது. இந்த இரண்டு உறுப்புரைகளின் தமிழ்ப் பிரதியைக் கோப்பின் முதல் பக்கமாக வையுங்கள். வாய்ச்சண்டை வேண்டாம், தாளை நீட்டுங்கள்.

படிவமும் கடிதமும் சிங்களத்தில் மட்டும் வந்தால் விளங்காமல் கையெழுத்திடாதீர்கள். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் அலுவல் நடத்தவும், பதிவேட்டின் பிரதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மீறினால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

பிரஜாவுரிமை நிலை குறித்து உண்மையான சந்தேகம் எழுந்தால், 1948 இன் சட்டத்தின் 6 ஆம் பிரிவின் கீழ், சந்தேகத்தைத் தீர்க்கும் வம்சாவழிப் பிரஜாவுரிமைச் சான்றிதழை அமைச்சரிடம் கோரலாம். அடுக்கிய கோப்பு முழுதாகப் பயன்படும் இடம் அது.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன திகதி, இன்ன கவுண்டர், இன்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள் என்று. தபால் ரசீதைக் கோப்பில் குத்துங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், 126 ஆம் உறுப்புரை கொடுக்கும் காலம் அவ்வளவுதான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம். முப்பதாவது நாள்வரை பொறுக்காமல் முதல் வாரத்திலேயே கொடுங்கள்.